பானட்டுக்கு அடியில் கிழிந்த பேட்: ஒட்டுவதா, மாற்றுவதா, கழற்றிப் போடுவதா?

மலையில் ஓடும் கார்களின் பானட்டைத் தூக்கிப் பார்த்தால், உள்பக்கம் மாட்டியிருக்கும் அந்தக் கறுப்பு பேட் முழுசாக இருப்பது அபூர்வம். ஒரு மூலை தொங்கும். நடுவில் எலி பிடுங்கிய பள்ளம் இருக்கும். இரண்டு மூன்று கிளிப் எங்கேயோ காட் ரோட்டில் விழுந்திருக்கும். சர்வீஸுக்கு விட்டால் "பேட் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "அது எதுக்குங்க, பிச்சு எறிங்க" என்பார். யூடியூபைத் திறந்தால் பளபளக்கும் அலுமினிய ஷீட்டை ஒட்டச் சொல்லி ஒருத்தர் நிற்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் இந்த முடிவை எடுக்கும்போது எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். கார் ராத்திரி எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கோவையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இது வேறு கணக்கு.

முதலில் அந்த பேட் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெரும்பாலான கார்களில் அது கண்ணாடி இழையாலோ பிசின் ஏற்றிய பஞ்சு நாராலோ ஆனது. அச்சில் அழுத்தி, பானட்டின் உள்வடிவத்துக்குச் சரியாக வார்த்திருப்பார்கள். மேலே கறுப்புத் துணி. பிளாஸ்டிக் கிளிப்புகள்தான் தாங்கிப் பிடிக்கும். அதன் முதல் வேலை எஞ்சின் சத்தத்தை உறிஞ்சுவது. இரண்டாவது வேலை, கீழிருந்து வரும் சூடு நேராகப் பெயின்ட்டுக்குப் போகாமல் தணிப்பது. மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: எஞ்சினில் தீப்பிடித்தால் கிளிப் உருகி, பேட் அப்படியே கீழே விழுந்து தீயை மூடுமாம். எல்லா காரின் பேட்டும் அந்த நோக்கத்தில் செய்யப்பட்டதல்ல. அதை நம்பி யாரும் பேட் வாங்க வேண்டாம். தீக்குப் பயந்தால் சின்னதாக ஒரு தீயணைப்பானை வாங்கி சீட்டுக்கு அடியில் வையுங்கள்.

எஞ்சினுக்கு இந்த பேட்டால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எஞ்சினைக் குளிர வைப்பது ரேடியேட்டரும் ஃபேனும். எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். பேட் இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்துபோகும் என்பதும், பேட் இருந்தால் ஓவர்ஹீட் ஆகும் என்பதும் டீக்கடைப் பேச்சு. மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையில் பர்லியார் தாண்டி ஏறும்போது உங்கள் காரில் சூடு காட்டும் முள் மேலே போகிறதென்றால் கூலன்ட், ஃபேன், ரேடியேட்டர் அடைப்பு என்று பாருங்கள். பேட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அடிப்படை வேரியன்ட் சின்ன கார்கள் பலவற்றில் கம்பெனியே இதைக் கொடுப்பதில்லை. அவையும் இதே மலையில் வருஷக்கணக்காக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படியானால் மலையில் சூடே ஒரு விஷயம் இல்லையா என்றால், இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் சுமார் 1,850. முப்பது சொச்சம் கிலோமீட்டரில் ஒன்றரை ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும், அதுவும் முக்கால்வாசி நேரம் இரண்டாவது கியரில், முன்னால் ஒரு லாரியின் புகையைப் பார்த்தபடி. வேகம் குறைவு, எஞ்சின் உழைப்பு அதிகம், முன்பக்கம் வந்து மோதும் காற்றும் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்கு அழுத்த மூடி இருப்பதால் கூலன்ட் அப்படிக் கொதிப்பதில்லை. ஆனால் மெலிந்த காற்று சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துச் செல்லும். அந்தக் குறையை மலைக்குளிர் ஓரளவு ஈடுகட்டிவிடும். கடைசியில் பார்த்தால் தரையில் ஓடும் காருக்கும் மலையில் ஓடும் காருக்கும் பானட் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது.

பானட் உச்சமாகச் சூடாவது ஓடும்போது அல்ல, ஏறி வந்து நிறுத்தும்போது. பர்லியாரில் பழக்கடைப் பக்கம் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தவுடன் கூலன்ட் சுற்றுவது நின்றுவிடும், காற்றும் நின்றுவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்களில், தேங்கியிருக்கும் சூடு நேராக மேலே வரும். சில நிமிடங்களுக்கு பானட்டின் நடுப்பகுதியில் சூடு ஏறிக்கொண்டே போகும். பேட் இருக்கும் காரில் கையை வைத்து எடுக்கலாம். இல்லாத காரில் சட்டென்று எடுத்துவிடுவீர்கள். அந்த நேரத்தில் மலைச் சாரல் சிலீரென்று மேலே விழுந்தால் பெயின்ட்டுக்கு நல்லதல்ல என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தச் சேதம் வருஷக்கணக்கில் மெதுவாகத் தெரிவது. பத்து வயசுக் காரில் அது பேட் இல்லாததாலா, வெயிலாலா, கண்ட ஷாம்பூவாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த பேட் எந்த அளவுக்கு சூட்டைத் தடுக்கிறது என்று கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் ஒரு விடியற்காலை போதும். ராத்திரி முழுக்க வெளியே நின்ற காரின் பானட் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டால், பேட் இல்லாத காரில் பனி ஒரே சீராக உருகாது. தகடு ஒற்றையாக இருக்கும் இடங்கள் முதலில் கறுக்கும். உள்ளே விலா எலும்பு மாதிரி ஓடும் சட்டத்தின் கோடுகள் மட்டும் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் நிற்கும். பானட்டின் உள்ளமைப்பை மேலே வரைந்து காட்டியது போலிருக்கும். பேட் போட்ட காரில் அந்தக் கோலம் தெளிவாக விழாது, பனியும் தாமதமாகத்தான் போகும்.

சரி, எலிக்கு வருவோம். மலையில் பேட் கிழிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

குளிர் ராத்திரியில் அணைத்து வைத்த எஞ்சின் சில மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே மூடி, பக்கத்தில் மறைப்பு, தலைக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் பஞ்சு. அருவங்காட்டில் ஒரு மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "நாம இதை எஞ்சினுக்குப் போர்வைன்னு நினைக்கிறோம் சார், எலி இதைத் தனக்குப் போட்ட மெத்தைன்னு நினைக்குது." கேத்தி பாலாடா மாதிரி காய்கறி விளையும் பக்கம் கேட்கவே வேண்டாம். கேரட் மூட்டை ஏற்றி இறக்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் காரைத் திறந்தால் பேட்டரி மேலே பாதி கடித்த கேரட்டும் அதைச் சுற்றி நார்ப்பந்தும் இருக்கும்.

அந்த நார்ப்பந்து வெறும் அசிங்கம் மட்டுமில்லை. எஞ்சின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவருக்கு அடியில் கூடு கட்டினால் வயரையும் கடிக்கும். காய்ந்த நார், சருகு, பிளாஸ்டிக் துண்டு எல்லாம் சேர்ந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேலே விழுந்தால் புகையும், சமயத்தில் தீயும் பிடிக்கும். முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் சல்லடை வழியாக நார் உள்ளே போய் ஏ.சி. ப்ளோயரில் சிக்கும். ஊட்டியில் ஹீட்டர் போடுகிற ஆட்கள் என்பதால் எலி மூத்திர நாற்றம் முதலில் வருவது அந்த வழியாகத்தான். ஹீட்டரைத் திருப்பினதும் ஒரு மாதிரி வீசினால், ஏர் ஃப்ரெஷ்னர் வாங்குவதற்கு முன்னால் பானட்டைத் தூக்கிப் பாருங்கள்.

எலி இருந்த பேட்டைக் கையாளும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கி தூசியைக் கிளப்பாதீர்கள். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ப்ளீச்சிங் கரைசல் தெளித்து ஈரமாக்கித் துடைத்தெடுங்கள். கண்ணாடி இழை பேட்டாக இருந்தால் அந்தத் தூசு உடம்பில் பட்டு இரண்டு நாள் அரிக்கும், அதற்கும் இதே ஏற்பாடு உதவும். அப்படியே இன்னொன்று: குளிர் காலத்தில் பூனையும் இங்கேதான் படுக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பானட்டில் இரண்டு தட்டு தட்டுவது நல்ல பழக்கம்.

எலிக்கு அடுத்தது ஈரம். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. தினமும் ஓடுகிற வண்டியில் பேட் நனைந்தாலும் எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் மார்க்கெட்டுக்கு மட்டும் எடுக்கும் காரில் காயாது. பூஞ்சை பூக்கும், கனம் தாங்காமல் நடுவில் தொய்யும், கிளிப் ஓட்டை கிழியும். பேட் தொடும் இடத்தில் பானட்டுத் தகடு துருப்பிடிக்கத் தொடங்கினால் அதற்கு டிங்கரிங், பெயின்டிங் என்று செலவு எங்கேயோ போய்விடும்.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

பழையதைச் சரிசெய்வது எப்போது எடுபடும்? கிழிசல் உள்ளங்கை அளவுக்குள் இருக்க வேண்டும். நார் உதிராமல் கட்டியாக இருக்க வேண்டும். ஆயிலோ டீசலோ ஊறியிருக்கக் கூடாது. எலி மூத்திர நாற்றம் இருக்கக் கூடாது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் ஒட்டுப்போடுவது வீண். அதிலும் ஆயில் ஊறிய பேட்டை ஒருநாளும் திரும்ப மாட்டாதீர்கள், சூடான இடத்தில் எண்ணெய்த் திரியைத் தொங்கவிட்ட கதைதான்.

கழற்றுவதை மதியம் வெயில் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலைக் குளிரில் பழைய பிளாஸ்டிக் கிளிப் விறைத்திருக்கும், ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினால் தலை மட்டும் கையோடு வரும். பேட்டை மேஜையில் குப்புறப் போட்டு, வேக்குவம் க்ளீனரால் மெதுவாகத் தூசியை எடுக்கவும். பிரஷர் வாட்டர் அடித்தால் அத்தோடு முடிந்தது, நார் பிரிந்துவிடும். கிழிந்த ஓரங்களைச் சேர்த்து, சூடு தாங்கும் கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காய விட்டு அழுத்தவும். மேலே ஒரு துண்டுத் துணி. மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையெல்லாம் இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் நிற்காது. சீட் கவர் கடையில் கொடுத்தால் ஓரத்தை பாலியஸ்டர் நூலில் சுற்றித் தைத்துக் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்து இந்த மாதிரி வேலையில் நீண்ட நாள் உழைப்பது அதுதான்.

கிளிப் ஓட்டை பெரிசாகிவிட்டால் பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி, அதை நடுவில் வைத்துக் கிளிப்பை மாட்டினால் போதும். கிளிப் விலை சொற்பம். காருக்குத் தேவையானதைவிட நான்கு கூடுதலாக வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

முழுப் பேட்டையும் மாற்றுவதென்றால் என் ஓட்டு கம்பெனி பார்ட்டுக்குத்தான். அச்சில் வார்த்தது என்பதால் பானட்டின் மேடு பள்ளத்தில் சரியாக உட்காரும். எஞ்சின் கவரில் உரசாது. கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் டியூப் போகிற வழியை விட்டுத்தான் வெட்டியிருப்பார்கள். மூடுபனியில் அந்த டியூப் நசுங்கித் தண்ணீர் வராமல் போனால் என்ன ஆகும் என்று கோத்தகிரி ரோட்டில் ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன கார்களுக்கு இதன் விலை ஒரு நல்ல டயர் விலையைக்கூட எட்டாது. பெரிய எஸ்.யு.வி.க்கும் வெளிநாட்டு காருக்கும் வேறு கதை, விலையைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து யோசியுங்கள். ஆர்டர் பண்ணும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் நம்பரைக் கொடுங்கள். ஃபேஸ்லிஃப்ட் வந்த காரில் பானட் வடிவம் மாறியிருக்கும், பெயர் ஒன்றாகத்தான் இருக்கும். மாட்டுவதற்கு லேபர் என்று தனியாகப் பெரிய தொகை போட்டால் ஏன் என்று கேளுங்கள், கிளிப் அமுக்குவதற்குக் கால் மணி நேரம் போதும்.

பழைய காரிலிருந்து கழற்றிய பார்ட் இன்னொரு வழி. சென்னைப் பக்கம் போனால் புதுப்பேட்டையில் பிரித்த காரின் பேட் கிடைக்கும், கோவையிலும் பழைய பார்ட் விற்பவர்கள் இருக்கிறார்கள். தயாரிப்பு நிறுத்தப்பட்ட காருக்கு இதுதான் கதி. மூக்கில் வைத்து முகர்ந்து பாருங்கள், தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், முதுகுப் பக்கம் ஆயில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவர் வீட்டு எலி படுத்த மெத்தையைக் காசு கொடுத்து வாங்கிவராமல் இருந்தால் சரி.

அப்புறம் அந்த ஒட்டும் ஷீட்டுகள். இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரே மாதிரி வெள்ளியாகப் பளபளத்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு.

மலிவாகக் கிடைப்பது பாலிஎத்திலீன் நுரை மேல் அலுமினியத் தாள் ஒட்டியது. கட்டடக் கூரைக்கு நல்ல பொருள். எஞ்சின் மேலே வேண்டாம், 100 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்து சுருங்கும். நைட்ரைல் ரப்பர் நுரை கொஞ்சம் மேல், ஏ.சி. குழாய்க்குச் சுற்றுவார்களே அந்தக் கறுப்பு ரகம். சுமார் 105 டிகிரி வரை தாங்கும், தண்ணீரைக் குடிக்காது. ஆனால் மூடிய துளை கொண்ட நுரை என்பதால் நார் பேட் அளவுக்குச் சத்தத்தை உறிஞ்சாது. ப்யூட்டைல் டேம்பிங் ஷீட் என்று கனமாக ஒன்று விற்பார்கள். அது சூட்டுக்கானதே அல்ல, தகடு அதிர்வதை அடக்குவதற்கானது. கதவுக்குள் ஒட்டினால் அருமையாக இருக்கும். பானட் முழுக்க ஒட்டினால் 2 மில்லிமீட்டர் தடிமனுக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ கனம் ஏறும். தூக்கிப் பிடிக்க கேஸ் ஸ்ட்ரட் என்ற காற்றழுத்தக் கம்பி வைத்த பானட் அதற்கப்புறம் தானாக நிற்காமல் போகலாம். ப்யூட்டைல் என்று சொல்லித் தார் ஷீட்டைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. அது சூட்டில் இளகி நாறும்.

கண்ணாடி இழைக்கோ செராமிக் இழைக்கோ மேல் அலுமினியத் தாள் போட்ட ரகம் ஒன்றுதான் சூட்டுக்கு உண்மையிலேயே நிற்கும். அதிலும் ஒரு குறை: நார் மேலே உலோகத் தாள் மூடிவிட்டால் கீச்சென்ற சத்தங்களை அது திருப்பி அனுப்பும், உறிஞ்சாது. சூட்டுக்கு லாபம், சத்தத்துக்கு நஷ்டம். டர்போ என்ற, மிகவும் சூடாகும் பாகம் பானட்டுக்கு நேர் கீழே இருக்கும் வண்டிகளில் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு ஒட்டலாம்.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஷீட்டின் மூலை உரிந்து தொங்கி, மூடி போடாத பேட்டரி பாசிட்டிவ் முனையிலும் பக்கத்தில் ஏதாவது உலோகத்திலும் ஒரே நேரத்தில் பட்டால் ஷார்ட்தான். பானட்டுத் தகடே நெகட்டிவோடு சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். பேட்டரிக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு அலுமினியம் வராமல் வெட்டிவிட வேண்டும்.

மலையில் இந்த ஷீட்டுகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பின்னால் தாளை உரித்து ஒட்டும் பசைக்குத் தகடு ஓரளவு வெதுவெதுப்பாகவும் முழுக்கக் காய்ந்தும் இருக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கீழே போனால் பல பசைகள் சரியாகப் பிடிப்பதில்லை. டிசம்பரில் ஊட்டியில் காலை நேரத்தில் ஒட்டினால் மார்ச்சுக்குள் ஓரம் கிளம்பிவிடும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, அங்கே வெயிலில் வைத்து ஒட்டிக்கொண்டு மேலே வாருங்கள். பானட்டின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றை மூடிவிட்டால் ஒரே மழைக்காலத்தில் உள்ளேயிருந்து துரு கிளம்பும். ஷீட் ஒட்டிய கார்களில் நான் முதலில் பார்ப்பது அந்த ஓட்டைகளைத்தான், பாதிக்குப் பாதி அடைத்திருப்பார்கள்.

எந்த ஷீட் வாங்கினாலும் ஒரு சின்னத் துண்டை வெட்டி, வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் பிடித்து லைட்டரைக் காட்டுங்கள். நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்தால் பரவாயில்லை. சொட்டு சொட்டாக உருகி எரிந்துகொண்டே இருந்தால் குப்பைக்கு. கார்ப்பெட் கடைகளில் தரை விரிப்புக்கு அடியில் போடும் சாதாரண ஃபெல்ட்டை வெட்டி, "அதே மாதிரிதான் சார்" என்று மாட்டிவிடுபவர்கள் உண்டு. பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். லைட்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

கடைசி வழி, பேட்டே இல்லாமல் விடுவது. இதை நான் சோம்பேறி வழி என்று நினைக்கவில்லை. பெட்ரோல் கார், திறந்த இடத்தில் பார்க்கிங், பக்கத்தில் தேயிலைச் செடியோ காய்கறி ஷெட்டோ இருக்கிறது, ஒரு தடவை எலி கூடு கட்டியும்விட்டது என்றால், புது பேட் வாங்கி மாட்டுவது எலிக்குப் புது மெத்தை வாங்கிக் கொடுப்பதுதான். கழற்றிவிட்டால் பானட்டைத் தூக்கிய உடனே எல்லாம் கண்ணுக்குத் தெரியும், ஈரம் தங்காது, துருவும் சீக்கிரம் தெரிந்துவிடும். இழப்பது கொஞ்சம் அமைதி. சின்ன பெட்ரோல் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, வெளியே காருக்கு முன்னால் நின்றால்தான் தெரியும். பெயின்ட்டுக்காக வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

டீசலுக்கு இந்த வாதம் செல்லாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது, சின்ன டீசல் கார் வரத்து அதோடு குறைந்தது. ஆனாலும் இங்கே டாக்ஸி ஓட்டுபவர்களும் எஸ்டேட்காரர்களும் பழைய டீசல் வண்டிகளை விடுவதாக இல்லை, ஏற்றத்தில் அந்த இழுவை வேறு எதில் வரும் என்பார்கள். பழைய டீசலில் பேட்டைக் கழற்றினால் கடகடப்பு உள்ளேயே கேட்கும். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அது தலைவலி. தினமும் ஓடும் வண்டியில் எலி தங்குவதும் குறைவு, ஈரமும் காய்ந்துவிடும். அதனால் டாக்ஸிக்கு யோசிக்கவே வேண்டாம், கம்பெனி பேட்தான்.

குன்னூரில் ஷட்டர் போட்ட கராஜில் நிற்கும் குடும்பக் காருக்கும் அதையேதான் சொல்வேன், கிழிசல் சின்னதாக இருந்தால் முதலில் தைத்துப் பாருங்கள் என்ற ஒரு திருத்தத்தோடு. சமவெளியில் இருந்து சீசனுக்கு வருகிறவர்கள், ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலில் பானட் சுடுகிறதே என்று பயந்து அவசரமாக எதையும் ஒட்டத் தேவையில்லை. ஊருக்குப் போய் ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம். ஹோம்ஸ்டேயில் நான்கு நாள் அசையாமல் நிறுத்தி வைத்தால் மட்டும், கிளம்பும் முன் பானட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பேட் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், எலிக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். புகையிலை, அந்துருண்டை, ஃபினாயில் என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். வாசனை போகும் வரைதான் அதெல்லாம். ராத்திரியில் பானட்டைத் திறந்து வைப்பது உண்மையிலேயே பலன் தருகிறது, வெதுவெதுப்பும் இருட்டும் இரண்டுமே போய்விடுகிறதே. ஆனால் கூரை இருக்கும் இடத்தில்தான் முடியும், மழையில் முடியாது. கீழே அண்டர் கவர் இல்லாத காருக்கு ஒன்று போடுவதும், திறந்து கிடக்கும் இடங்களில் துருப்பிடிக்காத கம்பி வலை அடைப்பதும் செலவான வேலை, ஆனால் நிற்கும். எக்ஸாஸ்ட் பக்கத்திலும் ஃபேன் காற்று வெளியேறும் வழியிலும் மட்டும் வலையைக் கொண்டுபோகாதீர்கள்.

பேட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத பொருள் ஒன்று உண்டு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேலே போல்ட் போட்டு மாட்டியிருக்கும் தகட்டு மறைப்பு, ஹீட் ஷீல்டு. அது போல்ட் துருப்பிடித்துக் கலகலவென்று ஆடத் தொடங்கினால் "தொல்லை" என்று சிலர் கழற்றி வீசிவிடுவார்கள். பேட்டை வீசலாம், இதை வீசக் கூடாது. பக்கத்தில் ஓடும் வயரையும் ரப்பர் ஹோஸையும் காப்பது அதுதான். போல்ட்டோ, பெரிய வாஷரோ, ஸ்டீல் கிளாம்போ போட்டு இறுக்கினால் சத்தம் நின்றுவிடும்.

ஆர்டர் பண்ணிய பார்ட் கீழேயிருந்து மேலே வரச் சில நாள் ஆகலாம். அதுவரை பேட் இல்லாமலே தைரியமாக ஓட்டுங்கள். பாதி கிழிந்து தொங்கும் பேட்டோடு மட்டும் ஓட்டாதீர்கள். அது பெல்ட்டில் சிக்கும், இல்லையென்றால் மேனிஃபோல்ட் மேலே உட்காரும். கழற்றிய பழைய பேட்டைச் சோலைப் பக்கமோ தேயிலைச் சரிவிலோ வீசாமல், தடிமனான பையில் கட்டி, எலி நாறியதென்று சொல்லி குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.